நடைமுறைக்கு வராத அமைவுகள்: ஒரு பள்ளிப் பதிவேட்டின் பட்டறிவு



மொழியைப் பற்றிய சொற்பொழிவு வரிசையில் தரவுத்தள வழங்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இஃது இடம் மாறிய தலைப்போ எனச் சிலர் ஐயுற்றிருக்கலாம். ஏட்டிலும் கல்லிலும் செம்பிலும் இருந்த தமிழ் இன்று வழங்கிகளில் இருக்கிறது. அங்கே அது நலமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் மொழிப்பணியே.

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியை அடுத்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை ஆசிரியர் சிலரும் கல்லூரி மாணவர் சிலருமாக நாங்கள் மேற்கொண்டோம். பள்ளியின் பெயர் இங்குத் தேவையில்லை. அதன் கதை நம் மாநிலத்தில் பலவற்றின் கதைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்தத் துண்டாடலுக்கு விடையாக 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இங்குள்ள முதியோர்க்கு நினைவிருக்கும். லயன் வீடுகள் காலியாகி, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர்ப் பள்ளியும் அவர்களைத் தொடர்ந்து இடம் மாறியது. எஞ்சியவை கறையான் தொட்ட பதிவேடுகள் சில.

அந்தப் பதிவேடுகளுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பிள்ளையின் பெயர் உரோமன் எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி பதிந்திருக்கும். ழகரமும் ளகரமும் அங்கே ஒன்றாகிவிடும். சில வேளை பெயரே வேறாகிவிடும். பள்ளித் தலைமையாசிரியர் தம் கையால் தமிழில் எழுதிய பதிவேடே, பெற்றோர் வைத்த பெயர் வைத்தபடியே நிற்கும் இடம். பல குடும்பங்களுக்கு வேறு சான்று இல்லை.

முதல் நாள் மாலைவரை நாற்பது பெயர்களுக்கு மேல் தட்டெழுதினோம். திரையில் தமிழ் அழகாக விழுந்தது, சேமித்தோம். மறுநாள் காலை திறந்து பார்த்தபோது சேர்க்கை எண்களும் பிறந்த நாள்களும் இருந்தன. பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள் நின்றன.

அந்தக் கேள்விக்குறிகளைச் சற்று உற்றுநோக்குவோம். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உண்டு. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள் உடையவை. வழங்கி தனக்குத் தெரியாத ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிடுகிறது. ஆகவே ‘காத்தாயி’ எட்டுக் கேள்விக்குறிகளாகும். ‘மாரியாயி’யும் எட்டுக் கேள்விக்குறிகளாகும். இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்து ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்திருந்தால், அவர்களைப் பிரித்தறிய அந்தத் தரவுத்தளத்தால் இனி ஒருபோதும் இயலாது. எழுத்து மறைந்து கிடக்கவில்லை; அழிந்துவிட்டது. அதன் நீளம் மட்டுமே எஞ்சியது.

காரணம் எளிது. நாங்கள் பயன்படுத்தியது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய பதிப்பு, 5.6. அம்மென்பொருள் சுவீடனில் பிறந்தது, 1995-இல் வெளிவந்தது. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எழுத்துகளை லத்தீன்1 என்னும் குறியேற்றத்தில் வைத்துக்கொள்ளும். அகரவரிசையும் சுவீடிய வரிசையே. கெடாத் தோட்டத்துப் பிள்ளைகளைச் சுவீடிய நெடுங்கணக்கு வரிசைப்படுத்த முயன்றிருக்கிறது! ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது குறியேற்றங்களைப் பற்றி எவ்வளவோ பேசினோம். அந்தச் சிக்கலெல்லாம் தீர்ந்தது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். நம் பக்கத்தில் தீர்ந்ததுதான். வழங்கியின் பக்கத்தில் ஒருவர் சென்று சொல்லவேண்டியிருந்தது.

சொல்வது எப்படி? வழங்கிக்கு அமைவுக் கோப்பு என்று ஒன்று உண்டு. விண்டோசில் அதன் பெயர் மை.ஐஎன்ஐ, லினக்சில் மை.சிஎன்எஃப். அதில் ‘இனி எழுத்துகளை யுடிஎஃப்8எம்பி4 குறியேற்றத்தில் வைக்க’ என்று ஒரு வரி எழுதவேண்டும். எழுதினோம். வழங்கியை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோம். பெயர் ஒன்றைத் தட்டிப் பார்த்தோம். கேள்விக்குறிகளே வந்தன.

இன்றைய பேச்சின் பொருள் இதுதான்: எழுதிய ஆணை ஏன் நடைமுறைக்கு வரவில்லை? கணினித் துறையினர் நாள்தோறும் சந்திக்கும் தொல்லை இது. நாங்கள் அன்று மூன்று நாள்களைச் செலவிட்டோம். அடுக்கடுக்காக நான்கு தடைகள் இருந்தன.

முதல் தடையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோப்பை நோட்பேடில் திருத்திப் புதிதாகச் சேமித்தபோது அஃது ஓசையின்றி ‘.டிஎக்ஸ்டி’ என்னும் வாலையும் ஒட்டிவிட்டது. விண்டோசு அந்த வாலை வழக்கமாக மறைத்துக் காட்டும். நம் கண்ணுக்கு மை.ஐஎன்ஐ, வழங்கிக்கு அஃது ஏதோ ஓர் உரைக்கோப்பு. வாலை வெட்டினோம். பயனில்லை.

இரண்டாவது தடை, கோப்பு இருந்த இடம். நாங்கள் திருத்தியது நிரல்கள் நிறுவப்பட்ட கோப்புறையில் இருந்த கோப்பு. வழங்கியோ தொடங்கும்போதே ‘உன் அமைவுக் கோப்பு இங்கே’ என்று வேறோர் இடத்தைச் சுட்டிய கட்டளையுடன் தொடங்குகிறது. அது மறைக்கப்பட்ட ஒரு கோப்புறை. விண்டோசின் சேவைகள் பட்டியலில் மைஎஸ்கியூஎல் சேவையின் பண்புகளைத் திறந்தால் அந்தக் கட்டளை முழுமையாகத் தெரியும். அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்கவேண்டும் என்று தோன்றத்தான் எங்களுக்கு ஒரு நாள் ஆயிற்று.

மூன்றாவது தடை ஒரே ஓர் எழுத்து. அமைவுக் கோப்பு பகுதி பகுதியாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு. ‘மைஎஸ்கியூஎல்’ என்னும் தலைப்பின் கீழ் உள்ளவை நாம் கட்டளை தட்டும் கிளையன் நிரலுக்கு உரியவை. இறுதியில் ‘டி’ சேர்த்து ‘மைஎஸ்கியூஎல்டி’ என்றிருக்கும் தலைப்பின் கீழ் உள்ளவையே வழங்கிக்கு உரியவை. எங்கள் வரி ‘டி’ இல்லாத தலைப்பின் கீழ் நின்றது. வழங்கி அதைப் படிக்கவே இல்லை. வல்லொற்று மிகுமா மிகாதா என்று வகுப்பறையில் மாணவரைத் திருத்துவோருக்கு ஓர் எழுத்தின் விலையை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இம்மூன்றும் நீங்கிய பின் வழங்கியையே கேட்டோம். ‘ஷோ வேரியபிள்ஸ்’ என்னும் கட்டளை, வழங்கி இந்த நொடியில் எந்த அமைவைக் கைக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை. விடையாக வரும் பட்டியலில் ‘கேரக்டர் செட் சிஸ்டம்’ என்னும் வரி எப்போதும் யுடிஎஃப்8 என்றே காட்டும். அது வழங்கியின் உட்பயன்பாட்டிற்கு உரியது, நாம் மாற்றக்கூடியதன்று. அதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் எங்களில் இருவர். பார்க்கவேண்டியது ‘கேரக்டர் செட் சர்வர்’ என்னும் வரியை. அதுவும் இப்போது சரியாகவே இருந்தது. ஆனாலும் தட்டிய பெயர் கேள்விக்குறிகளாகவே விழுந்தது.

நான்காவது தடையே இப்பேச்சின் நடுநாயகம். வழங்கியின் அமைவு என்பது இனிப் பிறக்கப்போகும் தரவுத்தளங்களுக்கு உரிய வழக்கம் மட்டுமே. தரவுத்தளம் உருவாகும்போது வழங்கியிடமிருந்து குறியேற்றத்தைப் பெற்றுக்கொள்கிறது. அட்டவணை உருவாகும்போது தரவுத்தளத்திடமிருந்தும், புலம் அட்டவணையிடமிருந்தும் பெற்றுக்கொள்கின்றன. பெற்றபின் ஒவ்வொன்றும் தன் வழியே நிற்கும். எங்கள் அட்டவணை பிறந்தது முதல் நாள் காலை, லத்தீன்1 காலத்தில். மேலிடத்தில் ஆணை மாறியது அதற்கு எட்டவே எட்டாது. ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்னும் கட்டளையைக் கொடுத்தவுடன் அட்டவணையின் அடியிலேயே ‘லத்தீன்1’ என்று எழுதியிருந்தது தெரிந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. துரை ஆபீசுப் பலகையில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தண்டல் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது மற்றொன்று. பலகையில் எது எழுதியிருந்தாலும் அன்றைய வேலை பெரட்டில் சொன்னபடியே நடக்கும். பெரட்டு முடிந்த பிறகு ஒட்டிய அறிவிப்பு மறுநாள் பெரட்டுவரை காத்திருக்கும். அமைவுக் கோப்பை வழங்கி தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கிறது. அதன் பெரட்டு அது.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. நம் மண்ணோடு தொடர்புடையது என்பதால் அதைச் சொல்லாமல் போக மனமில்லை. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணிவர்ம விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அந்தக் கொடையைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேடு 21 இதழ்கள் கொண்டது. அவற்றுள் தமிழ்ப்பகுதியின் பெரும்பாகம் கொடையின் பெருமையைப் பேசவில்லை. அரசன் வாய்மொழியாகச் சொன்னது எவ்வாறு ஓலையில் ஏறியது, எந்தெந்த அதிகாரிகள் கண்டார்கள், நாட்டார்க்கு எவ்வாறு அனுப்பப்பட்டது, அவர்கள் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி ஊரை எவ்வாறு வரையறுத்தார்கள் என்பதையே பேசுகிறது. அதைச் செம்பில் வெட்டி நிலைபெறச் செய்தவன் மகன் இராசேந்திரன். பின்னர் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் படையெடுத்தவனும் அவனே என்பது வேறு கதை. ஆணை இட்ட வாய்க்கும் அது நடக்கும் வயலுக்கும் இடையில் எத்தனை கைகள் என்பதை அந்தச் சோழ அலுவலர்கள் அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு கையையும் பதிந்து வைத்தார்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதே பதிவுதான்: இந்த ஆணை எந்தக் கை வரைக்கும் வந்தது?

புதிய வழங்கிகள் அதைத் தாமே சொல்லிவிடுகின்றன. மைஎஸ்கியூஎல் 8.0-இல் ‘வேரியபிள்ஸ் இன்ஃபோ’ என்னும் அட்டவணை உண்டு. ஒவ்வோர் அமைவும் எங்கிருந்து வந்தது, எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் வழங்கியில் ‘பிஜி செட்டிங்ஸ்’ கோப்பின் பெயரோடு வரி எண்ணையும் தரும். கோப்பில் மாற்றியும் மறுதொடக்கத்திற்காகக் காத்திருப்பவற்றுக்குத் தனிக் குறியிட்டும் காட்டும். கோப்பைத் திறந்து நாம் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது மனித இயல்பு. நாங்களும் அதையே செய்தோம். கோப்பு நம் விருப்பத்தைச் சொல்லும்; வழங்கி மட்டுமே நடப்பைச் சொல்லும். ஐயம் எழுந்தால் முதலில் வழங்கியைக் கேட்டுவிட்டுப் பின்னர்க் கோப்புக்குப் போவதே முறை.

லினக்சில் பணியாற்றும் மாணவர்களுக்கு வேறு சில தடைகள் வரும், சுருக்கமாகச் சொல்கிறோம். அங்கே வழங்கி ஒரு கோப்பை மட்டும் படிப்பதில்லை. பலவற்றை ஒரு வரிசைப்படி படிக்கிறது. ஒரே அமைவு இரண்டிடத்தில் இருந்தால் பின்னால் படித்ததே நிற்கும். 8.0-இல் ‘செட் பெர்சிஸ்ட்’ என்று கட்டளையிட்டு மாற்றியவை தரவுக் கோப்புறையில் தனிக் கோப்பில் அமர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் படிக்கப்படுகின்றன. ஆகவே நீங்கள் கையால் எழுதியதை அவை வென்றுவிடும். ‘செட் குளோபல்’ என்று மாற்றினால் அஃது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளைத் தொடாது. மறுதொடக்கத்தில் மறைந்தும் போகும். கோப்பை எவரும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருந்தால் மைஎஸ்கியூஎல் அக்கோப்பையே புறக்கணித்துவிடும். வேலை எளிதாகட்டும் என்று எல்லா அனுமதியையும் திறந்துவிட்ட மாணவர் ஒருவர் அதனாலேயே அரை நாள் தவித்தார். வரியின் தொடக்கத்தில் நிற்கும் ‘#’ குறியை நீக்க மறந்து, மதிப்பை மட்டும் மாற்றுவோரும் உண்டு. அந்தக் குறி நிற்கும்வரை அது வெறுங்குறிப்புதான்.

இனி, எல்லாம் பொருந்திய பிறகும் வரக்கூடிய மற்றொரு கோளாறு. இது நன்மையான கோளாறு என்றே சொல்லலாம். முன்பு வேறொருவர் தொடங்கிவைத்த பழைய பட்டியல் ஒன்றும் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் கேள்விக்குறிகள் இல்லை. தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ இட்ட வணிகக் குறியும் வரிக்கு வரி நெளிந்தன. பலர் இதைக் கண்டவுடன் பாழாயிற்று என்று அழித்துவிடுவர். அழிக்கவேண்டாம் என்று ஆசிரியர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். யுடிஎஃப்8-இல் அடிப்படைத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொண்டது. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்1 கண்ணாடி வழியே பார்த்தால் 224 அந்தச் சாய்கோட்டு எழுத்தாகவும், 174 அந்த வணிகக் குறியாகவும் தெரியும். அதாவது தமிழ் உள்ளே பழுதின்றி இருக்கிறது. பார்க்கும் கண்ணாடிதான் தவறு. எழுதிய நிரல் வழங்கியோடு இணைந்தபோது தன் மொழி லத்தீன்1 என்று அறிமுகம் செய்துகொண்டதால் வந்த குழப்பம் அது. அந்தப் புலத்தை முதலில் பைனரி வகையாக மாற்றி, அதன்பின் யுடிஎஃப்8எம்பி4 ஆக அறிவித்தால் பெயர்கள் மீண்டுவிடும். இடைப்படியைத் தவிர்த்து நேரே மாற்றினால், வழங்கி அந்த நெளிவுகளையே உண்மையான எழுத்துகள் என்று நம்பி இன்னொரு முறை குறியேற்றிவிடும். முடிச்சின்மேல் முடிச்சு விழும். எதைச் செய்யுமுன்னும் படி ஒன்று எடுத்துவைக்கவேண்டும்.

கேள்விக்குறி இறப்பு, நெளிவு வெறும் மாறுவேடம். இரண்டையும் வேறுபடுத்த வகுப்பறையில் செய்யக்கூடிய சிறு சோதனை உண்டு. ஒரு புலத்தில் ‘ழ’ என்னும் ஒற்றை எழுத்தைச் சேமித்து, சேமித்ததன் பைட்டு நீளத்தையும் எழுத்து நீளத்தையும் வழங்கியிடம் கேளுங்கள். பைட்டு 3, எழுத்து 1 என்று வந்தால் நலம். இரண்டும் 1 எனில் உள்ளே இருப்பது கேள்விக்குறி. இரண்டும் 3 எனில் மாறுவேடம். பைட்டு 6, எழுத்து 3 எனில் இருமுறை குறியேறியிருக்கிறது. நூற்றுக்கணக்கான பெயர்களை ஏற்றுமுன் இந்த ஓரெழுத்துச் சோதனையைச் செய்திருந்தால் எங்களுக்கு இன்று பேசப் பொருள் இருந்திருக்காது.

யுடிஎஃப்8 என்றாலே போதாதா, ‘எம்பி4’ எதற்கு என்று கணினி கற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மைஎஸ்கியூஎல் தொடக்கத்தில் யுடிஎஃப்8 என்று அழைத்தது மூன்று பைட்டுகள்வரை மட்டுமே கொள்ளும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். அதனால்தான் குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் 2019-இல் வந்த ஒருங்குறி 12.0, நம் பழைய பின்ன எண்களையும் அளவைக் குறிகளையும் ‘தமிழ் இணைப்பு’ என்னும் தனிப் பகுதியில் சேர்த்தது. மொத்தம் 51 குறிகள். முந்திரி, காணி, மா முதலியவற்றின் குறிகள் அங்கேதான் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. பழைய கணக்கேடு ஒன்றைக் கணினியில் ஏற்ற எவரேனும் முற்படும் நாளில், மூன்று பைட்டுப் புலம் அந்தக் குறிகளை ஏற்காது.

எங்கள் பதிவேட்டுக்குத் திரும்புவோம். அட்டவணையை மாற்றிய பிறகு தட்டிய பெயர்கள் தட்டியபடியே நின்றன. வழங்கியின் கண்டிப்பு முறையையும் இயக்கிவைத்தோம். இனித் தனக்குப் புரியாத எழுத்தை அது கேள்விக்குறியாக விழுங்காது, பிழை என்று மறுத்துவிடும். 5.7 பதிப்பு முதல் இம்முறை தானாகவே இயங்குகிறது. முதல் நாள் பெயர்களை அமைவு மாற்றம் திருப்பித் தராது என்பதால், பதிவேட்டைப் புரட்டி அவற்றை மறுபடி தட்டினோம். தட்டியாகிவிட்டதே, கறையான் பிடித்த அந்த நோட்டுகளை எரித்துவிடலாம் என்று முதல் நாள் மாலையே ஒருவர் சொன்னார். மழை வந்ததால் எரிக்கவில்லை. நாங்கள் அறிவாளிகளாய் இருந்து காத்தோம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஆயினும் இரண்டு பெயர்களை மீட்க இயலவில்லை. அவை இருந்த தாளின் கீழ்மூலை, முதல் நாள் புரட்டும்போதே எங்கள் கையில் பொடியாக உதிர்ந்துவிட்டது. தரவுத்தளத்தில் அவ்விருவருக்கும் சேர்க்கை எண்ணும் பிறந்த நாளும் எட்டெட்டுக் கேள்விக்குறிகளும் இருந்தன. அதே ஆண்டில் அப்பள்ளியில் சேர்ந்து, இப்போது சுங்கைப் பட்டாணித் தாமான் ஒன்றில் பேரப்பிள்ளைகளோடு வசிக்கும் பாட்டி ஒருவரிடம் அந்த எண்களை எடுத்துச் சென்றோம். பிறந்த நாளைக் கேட்டதும் அவர் சற்று யோசித்தார். “அது எங்க சின்னம்மா மகதான். காத்தாயி. தைப்பூசத்துக்கு மறுநாள் பொறந்தா” என்றார். மற்றதற்கு எவ்வளவோ முயன்றும் அவருக்கு முகம் மட்டுமே நினைவுக்கு வந்தது. அந்த வரியில் எட்டுக் கேள்விக்குறிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அத்தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இந்த அவையில் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் எங்களை வந்து காணுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிறந்த நாளை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.